மலைப்பாதை வேலைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

ஆவணி மூலத்தில் மதுரையில் பிட்டுத் திருவிழா பார்த்திருப்பீர்கள். வைகையில் வெள்ளம் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் ஆடிப் பாடித் தூங்கி, கடைசியில் பிரம்படி வாங்குகிறார். எங்கள் மலை வேலைக்கும் ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் வந்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். கல் தூக்கும் நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சொக்கர்'. பிரம்பு ஏதும் வைத்திருக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் பாத்திரம் கழுவுவது அவர் வேலை.

நீங்கள் சொக்கராக வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு சின்ன மலை. ஊர் மந்தையிலிருந்து ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உச்சி. வழியில் ஒரு சுனை, ஒரு சிறு கோயில், ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடம். ஆண்டுக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாள் அங்கே போய்ப் பாதையைச் செப்பனிட்டு, முள் வெட்டி, சுனையைப் பார்த்து, குப்பையை இறக்கிவிட்டு வருகிறோம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே பிறந்தநாள் கேக் வெட்ட ஏறிவிடுகிறார்கள்.

எந்த மலைக்குப் போனாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் செய்கிற வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

யார் கூப்பிட்டாலும், கிளம்பும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்த மலை யாருடையது, யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?" மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் சில வனத்துறையிடம் இருக்கின்றன, சில வருவாய்த்துறைப் புறம்போக்கு. கீழக்குயில்குடி சமணர் மலை போன்றவற்றில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நல்ல எண்ணத்தோடு போனாலும் அங்கே போய்க் கடப்பாரையை இறக்கினால் வழக்குதான். வனத்துறைக் காடு என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். "ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்பது அனுமதி ஆகாது.

காகிதத்தைவிடப் பெரிய அனுமதி ஒன்று உண்டு, ஊரின் அனுமதி. மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளுக்காக மலைகளை அறுத்துக் கொடுத்த பகுதி. பிறகு அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டார்கள். ஊர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்த பிறகுதான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. இப்படிப்பட்ட இடத்தில் முகம் தெரியாத நாலு பேர் விடிகாலையில் கடப்பாரையோடு மலை ஏறினால் ஊர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்குமா? முந்தைய வாரமே போய் ஊர்ப் பெரியவர்கள், ஊராட்சித் தலைவர், கோயில் பூசாரி, ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் போகும்போது ஊரிலிருந்தும் நாலைந்து பேர் கூட வருவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை.

எந்த மாதம்

எங்களுக்குச் சரிப்பட்டது புரட்டாசி. மதுரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன் ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழை இரண்டு மூன்று விழுந்து மண்ணை இளக்கியிருக்கும். மண்வெட்டி இறங்கும். பெருமழைக்கு முன் வேலையும் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பாறை அடுப்புக்கல் போலக் கொதிக்கும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை இன்னொரு காரணம். செங்குத்துப் பாறைகளில் வல்லூறுகளும் ராசாளிக் கழுகுகளும் கூடு வைக்கும் காலம் அது. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியை அறிவித்ததற்கு அங்குள்ள இந்தப் பறவைகளும் ஒரு காரணம். கூட்டுக்குக் கீழே நின்று நாள் முழுக்கக் கல் உடைத்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டே போய்விடலாம்.

புரட்டாசியில் இன்னொரு வசதி. பாதிப் பேர் விரதம் என்பதால் சமையல் முழுக்கச் சைவம். யாருக்கு என்ன சாப்பாடு என்ற பஞ்சாயத்தே கிடையாது.

என்ன கொண்டு வர வேண்டும்

முழுக்கை வைத்த பழைய பருத்திச் சட்டை, கனமான கால்சட்டை, கணுக்காலை மூடும் ஷூ. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பை மட்டுமல்ல, டூ-வீலர் டயரையே துளைக்கும். தலைக்குத் துண்டு. தொப்பியும் சரிதான், ஆனால் துண்டு வியர்வை துடைக்கும், சும்மாடு ஆகும், கை அறுந்தால் கட்டும் ஆகும். கையுறை தோலில் இருந்தால் நல்லது. வெல்டிங் வேலைக்கு விற்கிறார்களே, அது. கடையில் விற்கும் ரப்பர் பூசிய துணிக் கையுறை குப்பை பொறுக்க மட்டும் உதவும், முள்ளைத் தடுக்காது.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். "மேலே சுனை இருக்கே" என்று ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அதை ஆடு குடிக்கும், குரங்கு குடிக்கும், நீங்கள் குடிக்க வேண்டாம். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உங்கள் வழக்கமான மாத்திரை, டார்ச், இரவில் விரிக்க ஒரு ஜமுக்காளம். ஐந்து ஆண்டுகளுக்குள் டி.டி. ஊசி போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசனைத் தெளிப்பான், சென்ட் எதுவும் அடித்துக்கொண்டு வராதீர்கள். காரணம் பின்னால் வரும்.

மரக்கன்று கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது பத்து வேப்பங்கன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாறைச் சரிவில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் நட்ட கன்று பங்குனிக்குள் குச்சியாகிவிடும். நாங்களும் முதல் ஆண்டு நட்டோம். போட்டோ இருக்கிறது, மரம் இல்லை.

சனி காலை

மாட்டுத்தாவணியில் 5 மணிக்குக் கூடினால் 6 மணிக்கு மலையடியில் இருக்கலாம். வேலை 6 முதல் 10.30 வரை, பிறகு 3.30 முதல் வெளிச்சம் இருக்கும் வரை. நடு மதியத்தில் யாரும் மலையில் இருக்கக் கூடாது. இதில் வீரம் காட்டுகிறவரைத் தூக்கிக்கொண்டு இறங்க இன்னும் நாலு பேர் வேண்டும்.

கருவிகளை ஊரிலேயே வைத்திருக்கிறோம்: மண்வெட்டி, கடப்பாரை, கோடாரி, வெட்டரிவாள், கவைக்கம்பு, இரும்புச் சட்டி, திமிசுக்கட்டை. முந்தின இரவே மண்வெட்டியையும் கோடாரியையும் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவோம். மரப்பிடி உப்பித் தலையை இறுக்கிக்கொள்ளும். காலையில் கருவி கையில் வந்ததும் ஓங்கும் முன் ஒருமுறை தலைகீழாகத் தரையில் தட்டிப் பாருங்கள். ஆப்பு ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏறும்போது அரிவாளைத் தோளில் போடாமல், வாயைச் சாக்கில் சுற்றி, பள்ளப் பக்கக் கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். வழுக்கினால் கருவியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு விழலாம். வேலை செய்யும்போது இருவருக்கு நடுவே இரண்டு ஆள் படுக்கிற நீளம் இடைவெளி. உங்களுக்கு நேர் கீழே சரிவில் யாரும் நிற்கக் கூடாது. கல் நழுவினால் "கல்லு! கல்லு!" என்று கத்துங்கள். வெட்கப்படாமல் கத்துங்கள், கத்தாமல் நழுவிய கல் ஒன்று எங்கள் அண்டாவை நசுக்கியிருக்கிறது. அண்டா என்பதால் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாதை

இதுதான் வந்த வேலை. மற்றதெல்லாம் துணை வேலைகள்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த தப்பைச் சொன்னால் உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். சரளை வழுக்குகிறது என்று ஏற்றத்தில் பன்னிரண்டு கல்படி கட்டினோம். இரண்டு நாள் முதுகு ஒடிய உழைத்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆடு மேய்க்க வந்த ஆத்தா ஒருவர் நின்று பார்த்தார். "படி நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்கு வழி எங்கிட்டு விட்டீக?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். கார்த்திகையில் போய்ப் பார்த்தால், படிகள் அப்படியே நிற்கின்றன. பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை. ஜனங்கள் ஓடையில் நடக்கிறார்கள்.

மலைப்பாதையைக் கெடுப்பது கால் மட்டுமில்லை. கால் பட்டுப் புல் செத்த தடத்தை மழைத்தண்ணீர் வாய்க்காலாக்கிக்கொள்கிறது. மண் போய்ச் சரளை வெளியே வருகிறது. சரளை வழுக்குகிறதென்று ஜனங்கள் ஓரமாக நடக்க, அதுவும் தடமாகி, அதிலும் தண்ணீர் இறங்குகிறது. ஆகவே படி கட்டும் முன், பாதையில் ஓடும் தண்ணீரை அங்கங்கே பள்ளப் பக்கமாக வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குத்தான் குறுக்குக் கல்.

வைக்கும் முறை இது. முதலில் பாதையில் மேலிருந்து கீழே வெறுமனே நடந்து வாருங்கள். எங்கே மண் அரித்திருக்கிறது, எங்கே மணல் குவிந்திருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து பாதைக்குள் புகுகிறது என்று பாருங்கள். புகுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே முதல் கல் வரிசை. அதைப் பாதைக்கு நேர்க்குறுக்காக வைத்தால் அணையாகிவிடும். தண்ணீர் தேங்கி, மேலே வழிந்து, கல்லுக்கு அடியில் குழி பறிக்கும். மேட்டுப் பக்கத்தில் தொடங்கிப் பள்ளப் பக்கம் கீழிறங்கும்படி சாய்வாக வர வேண்டும். நேர்க்குறுக்குக்கும் பாதையின் போக்குக்கும் நடுவாக, ஒரு மூலைவிட்டம் போல. தண்ணீருக்குக் கோபம் வராத சாய்வு என்று எங்களுடன் வரும் கொத்தனார் சொல்வார்.

கல் பெரிதாக இருக்க வேண்டும். காலால் உதைத்தால் ஆடுகிற கல் ஒரு மழைக்குத் தாங்காது. முதலில் சாய்வாகக் குழி வெட்டி, கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்குங்கள். வெளியே தெரிவது நாலு விரல், ஐந்து விரல் உயரம் போதும். முதல்முறை வருகிறவர்களுக்கு இது மனசே வராது. அவ்வளவு நல்ல கல்லை இவ்வளவு கஷ்டப்பட்டு உருட்டி வந்து புதைப்பதா என்று தோன்றும். புதையுங்கள். கல்லுக்குக் கல் இடைவெளியில் சில்லுக் கல்லை அடித்து இறுக்கி, மேட்டுப் பக்கம் மண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். பள்ளப் பக்க முனை பாதை ஓரத்தைத் தாண்டி ஓரடி வெளியே நீள வேண்டும். தண்ணீர் வெளியேறும் அந்த வாயைப் புல்லோ மண்ணோ அடைத்திருந்தால் வெட்டித் திறந்துவிடுங்கள். வாய் அடைத்த குறுக்குக் கல் இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று. செங்குத்தான ஏற்றத்தில் 10 - 15 அடிக்கு ஒரு வரிசை, சாய்வு குறையக் குறைய இடைவெளியைக் கூட்டலாம்.

ஒரு வரிசை முடிந்ததும் மேலே நின்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த பரிசோதனைகளில் மலிவானது இதுதான். தண்ணீர் வந்து, கல்லில் முட்டி, திரும்பி, வெளியே போனால் சரி. கல்லுக்கு அடியில் புகுந்தாலோ மேலே வழிந்தாலோ பிடுங்கி மறுபடி வைக்க வேண்டியதுதான். கீழிருந்து குடம் சுமந்து வருகிறவர்களுக்குத்தான் சிரமம். அதைச் சொக்கருக்குக் கொடுக்கலாம்.

கல் எடுக்கும் இடத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கடப்பாரையால் நெம்பி, கல்லை உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். அடியில் தேளோ விரியனோ இருந்தால் கல் உங்களுக்குக் கேடயமாக நடுவில் நிற்கும். கையை நேரே அடியில் விடுவதே கூடாது. தூக்குவதைவிட உருட்டுவது மேல், உருட்டுவதைவிடப் பக்கத்திலேயே வேறு கல் பார்ப்பது மேல். இரண்டாவது, எல்லாக் கல்லும் கல் இல்லை. வட்டமாக அடுக்கியிருப்பது, எழுத்தோ கோடோ இருப்பது, உளி பட்ட தடம் தெரிவது, மஞ்சளோ குங்குமமோ பூசியிருப்பது, உடைந்த சிலை மாதிரி இருப்பது, இவற்றைத் தொடாதீர்கள். இங்கே குகைக்குக் குகை, சமணத் துறவிகள் தங்கப் பாறையில் வெட்டிய படுக்கை. மாங்குளம் மலையில் 1882-இல் ராபர்ட் சீவெல் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் பார்க்கும்வரை அதுவும் வெறும் பாறைதான். கல்வெட்டின் மேல் எவனோ பெயின்ட்டில் காதலி பெயரை எழுதியிருந்தால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஆனாலும் தின்னரும் கம்பி பிரஷும் எடுக்காதீர்கள். போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தேய்த்தால் பெயின்டோடு எழுத்தும் போய்விடும்.

கடைசியாக, குறுக்குவழிகளை மூடுவது. வளைந்து போகிற பாதையை வெட்டிக்கொண்டு நேரே இறங்கும் தடங்கள்தான் அடுத்த ஓடைகள். பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. வெட்டிய முள்ளை, ஆட்டுக்கிடைக்குப் படல் போடுவது போல அந்தத் தடம் தொடங்கும் இடத்தில் போட்டுவிடுங்கள், எல்லாருக்கும் புரியும். ஆடு போகும் தடமா என்று மட்டும் முன்கூட்டியே ஆத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முள்

முள் வெட்டுவது என்றால் எல்லாருக்கும் சீமைக் கருவேலம்தான் ஞாபகம் வரும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. வேரை விட்டு வெட்டிய இடமெல்லாம் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்ததையும் பார்த்தோம். தரைக்கு மேலே வெட்டுவது அதற்கு முடிவெட்டிவிடுவது மாதிரி. தரைக்குக் கீழே ஒரு சாண் தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுத்தால்தான் போகும்.

ஆனால் எல்லா இடத்திலும் தோண்டக் கூடாது. பாதை ஓரச் சரிவில் அந்த வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். தோண்டினால் ஐப்பசியில் அந்த ஓரமே இறங்கிவிடும். அங்கே கிளையை மட்டும் வெட்டி, ஆண்டுதோறும் துளிரை ஒடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தோண்டுவதெல்லாம் அடிவாரத்துச் சமதரையில்.

எது சீமைக் கருவேலம் என்று தெரியாமல் அரிவாளைத் தொடாதீர்கள். அதன் பூ வெளிர்மஞ்சளில் விரல் போல நீண்டிருக்கும், காய் தட்டையாக மஞ்சளாக இருக்கும். நம் நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக, அடர்மஞ்சளாக இருக்கும். முள் வெள்ளையாக நீண்டிருக்கும். புதியவர்கள் அதிகம் பலிகொடுப்பது உசிலையைத்தான். சின்ன இலையைப் பார்த்து இதுவும் கருவேலம்தான் என்று வெட்டிவிடுகிறார்கள். அதில் முள்ளே கிடையாது. அரப்புத் தூள் அரைக்கிற மரம். குழுவில் உசிலம்பட்டிக்காரர் யாராவது இருந்தால் உங்களைச் சும்மா விட மாட்டார், ஊர்ப் பெயரே அந்த மரம். சந்தேகம் இருந்தால் கூட வருகிற ஊர்க்காரரைக் கேளுங்கள், கேட்காமல் ஒரு செடியும் வேண்டாம்.

கவைக்கம்பை இடக்கையில் வைத்து முள்கிளையை அழுத்திப் பிடித்து, வலக்கையால் வெட்டுங்கள். கையால் பிடித்துக்கொண்டு வெட்டுகிறவர் மதியம் ஊசியும் சேஃப்டி பின்னுமாக உட்கார்ந்திருப்பார். மூட்டுக்குப் பக்கத்தில் முள் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். வெட்டிய விறகு ஊருக்கு. அதைக் கொளுத்தக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது பக்கத்து மாவட்டமான தேனியில்தான். காய்ந்த போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை நேரில் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். மலையில் பீடி, சிகரெட்டும் கிடையாது.

சுனை

இங்கே சொல்வது குறைவு, செய்வதும் குறைவாக இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். துணி, பாட்டில், ஷாம்பு பொட்டலம், எண்ணெய்ப் பிசுக்கு, அழுகிய மாலை, இவற்றை எடுத்துவிடுங்கள். வண்டலில் பாதியை மட்டும் சட்டியால் அள்ளுங்கள். ஒரு முறை நாங்கள் உற்சாகத்தில் அடிப்பாறை தெரியத் தேய்த்துக் கழுவினோம். அள்ளிப் போட்ட சேற்றில் தலைப்பிரட்டைகள் நூற்றுக்கணக்கில் துடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். பாறை வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்த களிமண்ணையும் சேர்த்து எடுத்துவிட்டோம் போலிருக்கிறது, அந்தக் கோடையில் சுனை வழக்கத்தைவிட முன்னாலேயே வற்றிவிட்டது. ஊரில் ஒருவரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது அள்ளிய வண்டலைக் கரையிலேயே ஓர் இரவு வைத்துவிடுகிறோம். உயிருள்ளவை தண்ணீருக்குத் திரும்பட்டும் என்று. சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் சுனைப் பக்கமே வரக் கூடாது.

குப்பை

பெரும்பாலும் உடைந்த மதுபாட்டில். மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டால் இறங்கும்போது தொடையைக் கிழிக்கும். இரட்டை உரச்சாக்கில் போட்டு, முதுகில் படாமல் இருவராகக் கம்பில் கட்டித் தூக்கி வாருங்கள். கீழே காயலான் கடைக்காரர் எடுப்பதைக் கொடுத்துவிட்டு மீதியை மதுரைக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஊர்த் தூய்மைக் காவலர் தலையில் கட்டிவிட்டு வருவது நியாயமில்லை.

கடிக்கிறதும் கொட்டுகிறதும்

இந்தப் பாறைக்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. சின்னதாக, மண் நிறத்தில், கல்லோரம் சுருண்டு கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், வாட்ச், ஷூவைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மணி பார்த்துக்கொண்டு, ஆளை நடக்கவிடாமல் தூக்கி இறக்குங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மேலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை. பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகும் வேலை வேண்டாம். ஏறும் முன்பே போனில் எந்த இடத்தில் டவர் கிடைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் கோயில் பின்பாறையில் மட்டும்தான் கிடைக்கும்.

மலைத்தேனீ பாம்பைவிட எனக்குப் பயம். பாறை விளிம்புக்கு அடியில் கறுப்பாகப் பலகை போலத் தொங்கினால் அந்தப் பக்கத்து வேலை அன்றைக்கு இல்லை. வாசனையும் புகையும் அதற்கு ஆகாது. சென்ட் வேண்டாம் என்றது இதற்குத்தான். கலைந்துவிட்டால் கையை வீசாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, புதரோ நிழலோ இருக்கும் பக்கம் ஓடிக்கொண்டே இருங்கள். சுனைக்குள் குதித்தால் தலை வெளியே வரும்வரை காத்திருக்கும்.

வெயில் சத்தமில்லாமல் அடிக்கும். தலைவலி, குமட்டல், பேச்சு குழறுவது எது வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். "இந்த ஒரு கல்லை மட்டும்" என்று சொல்கிறவர்தான் விழுகிறார்.

சாப்பாடு, தூக்கம்

காலையில் நீராகாரமும் சின்ன வெங்காயமும். 10.30-க்கு இறங்கியதும் கம்மங்கூழ், மோர்மிளகாய். மதியம் சாம்பார் சாதம், இரவு ஊர்க்காரர் வீட்டுக் குழம்பு. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுச் சமைக்கிறோம். சமைக்கிற அக்காக்களுக்கு அன்றைய கூலி தனி. நாம் இலவசமாக உழைக்கிறோம் என்பதற்காக அவர்களும் இலவசமாகச் சமைக்க வேண்டும் என்பதில்லை. மேலே எடுத்துப் போகும் தின்பண்டம் தூக்குவாளியில் மூடியோடு இருக்கட்டும். குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

படுக்கை மந்தைச் சாவடியில். ஊர் ஒன்பது மணிக்கு அடங்கிவிடும், நீங்களும் அடங்கிவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வந்தவரை அடுத்த முறை கூப்பிடவில்லை.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

ஞாயிறு காலை பாதிப் பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால்வாசிப் பேர் "வீட்டில் விசேஷம்" என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் கனமான கல் வேலையை ஞாயிறுக்கு வைப்பதில்லை. நேற்று வைத்த வரிசைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்ப்பது, வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, குறுக்குவழிக்கு முள் போடுவது, குப்பையை இறக்குவது. 10 மணிக்கு மேல் மலையில் யாரும் இல்லை. கருவிகளைக் கழுவி, எண்ணெய் தடவி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஓர் அரிவாள் குறைந்தால் மறுபடி ஏறித் தேடத்தான் வேண்டும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் காலில் படும். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் ஜிகர்தண்டாவா, பருத்திப்பாலா என்ற சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய்த் துணியை வாஷிங் மெஷினில் போடும் முன் பையைத் திருப்பி உதறுங்கள். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் வீட்டிலிருக்கும் எல்லார் துணியிலும் ஏறிவிடும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அரை நாள் ஒதுக்கி மறுபடி வாருங்கள். இதற்கு ஆறேழு பேர் போதும், ஒரே ஒரு மண்வெட்டி போதும். நீங்கள் வைத்த வரிசையில் போய் நின்று பாருங்கள். மேட்டுப் பக்கம் மணல் படிந்து, தண்ணீர் போன தடம் பள்ளத்துப் புல்லில் கோடாகத் தெரியும். சில இடத்தில் வாய் அடைத்திருக்கும். இரண்டு கொத்தில் திறந்துவிடலாம். சில கல் புரண்டிருக்கும். போன ஆண்டு நாங்கள் வைத்த பதினேழு வரிசையில் நாலு போய்விட்டது. அதில் மூன்று, போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று உயரமாக நிறுத்தியவை. ஆத்தா அன்றைக்கும் வந்தார். குனிந்து ஒரு வாயில் இருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டு, "இது போகுது" என்றார்.